கருகிய புல்லும் பவானியின் கோடைத் தண்ணீரும்

டிசம்பர் கடைசியில் ஊட்டிக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் உறைபனி பார்க்க அலைவார்கள். தலைகுந்தா பக்கம் புல்தரை உப்பைத் தூவிவிட்டது போல வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் வெள்ளை போய்விடும். பத்து நாள் கழித்து அதே இடத்துக்குப் போனால் புல் கருகிப் பழுப்பாக நிற்கும். "என்னங்க, ஊட்டி இப்படிக் காய்ஞ்சு கெடக்கு" என்று வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பக்கத்திலேயே ஒரு கற்பூர மரத்தோப்பு பச்சைப்பசேல் என்று நிற்கும். படம் எடுக்க எல்லாரும் அங்கேதான் போவார்கள்.

அந்த இரண்டு நிறங்களையும் ஒரு நிமிடம் நின்று பார்த்தால், ஆற்றில் தண்ணீர் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்ற கதையில் பாதி புரிந்துவிடும். கருகிய புல் தூங்குகிறது. வேர் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் மண்ணிலிருந்து தண்ணீர் எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. கோடை மழை தொடும்வரை அப்படியேதான் இருக்கும். அதுவரை மண்ணுக்குள் இருக்கும் ஈரம் யாரும் குடிக்காமல் சரிவில் மெல்ல இறங்கி, பள்ளத்தில் உள்ள சதுப்பில் சேர்ந்து, ஓடையாகக் கசிந்து, பைக்காரா ஆற்றுக்கோ குந்தா பக்கமோ போய், கடைசியில் பவானியைச் சேரும். பச்சையாக நிற்கும் தோப்பு தூங்கவில்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் குடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

கற்பூர மரம் என்று நீலகிரியில் சொல்வது யூகலிப்டஸைத்தான். சமவெளியில் தைலமரம் என்பார்கள். கூடவே இன்னொரு மரம் உண்டு, சீகை. ஆங்கிலேயர் வாட்டில் என்றார்கள். தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்க்கு இது தூரத்து உறவு என்பதோடு சரி. இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை.

ஆற்றின் கணக்கு ரொம்ப எளிது. மழை வரவு. மரம், செடி, புல், வெயில் ஆகியவை ஆவியாக்கி எடுத்துக்கொள்வது செலவு. மிச்சம்தான் ஆறு. நிலத்தடியில் போய்த் தங்குவதும் ஒரு பகுதி. அதுவும் பின்னால் ஊற்றாக ஆற்றுக்குத் திரும்பி வரவேண்டிய பணம்தான். மழை பெய்தால் ஆறு ஓடும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். செலவு போக மிஞ்சினால் ஓடும் என்பதுதான் சரி.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ஓரிடத்தில் வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழை. அதில் 750 செடிகொடிகளும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன. ஆற்றுக்கு 250. அடுத்த வருடம் மழை 10 சதவீதம் குறைந்து 900 ஆகிறது. மரங்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை, அதே 750. ஆற்றுக்கு மிச்சம் 150. மழை குறைந்தது 10 சதவீதம், ஆறு குறைந்தது 40 சதவீதம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் குறையாத வீட்டில் சேமிப்புதானே முதலில் அடிவாங்கும்? அதேதான். நிஜத்தில் வறட்சி முற்றினால் மரமும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். ஆனாலும் மழையின் ஏற்ற இறக்கம் ஆற்றில் பெருக்கிக் காட்டப்படுகிறது என்பது உலகெங்கும் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். வறண்ட படுகைகளில் இந்தப் பெருக்கம் இன்னும் அதிகம்.

சரி, மரம் அதிகம் குடிக்கிறது என்பதை யாராவது அளந்து பார்த்தார்களா? பார்த்தார்கள். அதுவும் நீலகிரியிலேயே.

பைக்காராவுக்குப் பக்கத்தில் கிளென்மார்கன் என்று ஒரு இடம். அங்கே அடுத்தடுத்து இரண்டு சிறு பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 ஹெக்டேர். இரண்டிலும் சரிவெல்லாம் புல், மடிப்புகளில் சோலைக்காடு, அடியில் சதுப்பு, சதுப்பிலிருந்து ஒரு ஓடை. உதகையில் இயங்கும் இந்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 1968-ல் இரண்டு ஓடைகளின் குறுக்கேயும் அளவைத் தடுப்பு கட்டியது. பெரிய அணை ஒன்றும் இல்லை. ஒரு சிறிய சுவர், நடுவில் வெட்டு. தண்ணீர் அந்த வெட்டு வழியாக மட்டுமே போகமுடியும். வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தெரிந்தால் நொடிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று கணக்கிட்டுவிடலாம். பக்கத்தில் ஒரு தொட்டிக்குள் மிதவை, மிதவையோடு ஒரு பேனா, பேனாவுக்கு எதிரே சுழலும் காகிதம். இரவு பகலாக ஓடை தன் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டிருக்கும்.

நான்கு ஆண்டுகள் எதையும் மாற்றாமல் அளந்தார்கள். ஒரே மழைக்கு இரண்டு ஓடைகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்தது. பிறகு 1972-ல் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் ஏறக்குறைய 60 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான். மழை குறைந்த வருடம் வந்தால் இரண்டு ஓடைக்கும் ஒரே மாதிரிதான் குறையும். அதற்கு மேலும் ஒன்றில் குறைந்தால் அது மரத்தின் வேலை. வானத்தைக் குறைசொல்லித் தப்பிக்க முடியாது.

முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பள்ளத்தாக்கின் மொத்த ஓட்டம் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டினார்கள். கற்பூர மரம் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்த மறுதாம்பு வளர்ந்த இரண்டாவது சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 சதவீதம். காரணம் நேரானது. முதல் சுற்றில் நாற்றுகள் வேர்விட்டு ஆழம் போக வருடங்கள் பிடித்தன. இரண்டாவது சுற்றில் துளிர் சிறிசு, வேர் பழசு. தொடக்கத்திலிருந்தே வேகமாகக் குடித்தது.

என் பார்வையில் இந்த 16-ஐயும் 25-ஐயும்விட முக்கியமான எண்கள் வேறு. மழை ஓய்ந்தபின் ஓடும் குறைந்தபட்ச ஓட்டத்துக்கு ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். அது முதல் சுற்றில் பாதியானது. இரண்டாவது சுற்றில் கால்பங்குக்குச் சற்று மேலே நின்றது. வெள்ள நாளில் கால்வாசி குறைந்தால் கீழே இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிப்ரவரியில் முக்கால்வாசி குறைந்தால் ஓடை நின்றுபோகும். வருடச் சராசரியை வைத்து ஆற்றைப் பேசுவது, ஒரு கால் அடுப்பிலும் ஒரு கால் ஐஸிலும் வைத்தவனுக்குச் சராசரியில் சுகம் என்று சொல்வது மாதிரி.

மரம் ஏன் புல்லைவிட அதிகம் செலவழிக்கிறது? வேர் ஆழம் என்பது எல்லாருக்கும் தெரிந்த பதில். பாதிப் பதில்தான் அது. மீதி பாதி இலையில் இருக்கிறது. மழை பெய்யும்போது முதலில் நனைவது இலைப்பரப்பு. உயரத்தில் காற்றில் ஆடும் நனைந்த இலை, கொடியில் காயப்போட்ட வேட்டி போல. தரையோடு தரையாகக் கிடக்கும் புல், மடித்துப் போட்ட துணி போல. எது சீக்கிரம் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. மண்ணைத் தொடாமலேயே மழையில் ஒரு பங்கு மேலே திரும்பிப் போய்விடுகிறது. சாரலாகப் பெய்யும் இடங்களில் இந்தப் பங்கு சின்னதல்ல.

உலகம் முழுக்க நடந்த இப்படிப்பட்ட 94 சோதனைகளை 1982-ல் இரண்டு ஆய்வாளர்கள், பாஷ், ஹ்யூலெட் என்பவர்கள், ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பைன், யூகலிப்டஸ் போன்ற மரங்கள் ஒரு நீர்ப்பிடிப்பில் 10 சதவீதப் பரப்பில் கூடினால் வருட ஓட்டம் சுமார் 40 மில்லிமீட்டர் குறைகிறது என்பது அவர்கள் கண்ட தோராயம். இலையுதிர் மரங்களுக்கு 25, புதர்களுக்கு 10. கிளென்மார்கன் தனிக்கதை இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது மரமே வேண்டாம் என்று கிளம்பினால் அது நான் சொன்னதில்லை. நீலகிரியின் மேல்மலையில் இயற்கை தானே ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தது. ஈரம் தங்கும் மடிப்புகளில் மட்டும் சோலை. மெதுவாக வளரும், குட்டையான, பாசி படர்ந்த மரங்கள். காற்றும் உறைபனியும் அறையும் திறந்த சரிவுகளில் புல். அடியில் சதுப்பு. தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேய்ந்தது அந்தப் புல்லில். அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில் விளைந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மேலே ஏறிவந்தபோது கண்டது இதைத்தான்.

பிறகு ஊர் வந்தது. குளிரில் வாழ வந்தவர்களுக்கு விறகு வேண்டியிருந்தது. 1840-களில் சீகையும் கற்பூர மரமும் வந்து இறங்கின. அப்போதைக்கு அவை வீட்டைச் சுற்றி, ஊரைச் சுற்றி. மலையையே மூடும் அளவுக்கு நட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. அரசுப் பதிவேட்டின் கண்ணுக்குப் புல்வெளி என்பது தரிசு. தரிசில் மரம் நட்டால் லாபம்தானே? சீகைப் பட்டை தோல் பதனிட, கற்பூரக் கட்டை ரேயான் கூழுக்கு. அந்தக் கூழை நூலாக்கிய விஸ்கோஸ் ஆலை மலைக்குக் கீழே சிறுமுகையில், பவானிக் கரையிலேயே இருந்தது. மேலே மரம் ஆற்றின் தண்ணீரைக் குடித்தது, அந்த மரத்தைக் கூழாக்க ஆலை ஆற்றின் தண்ணீரை எடுத்தது. ஒரே ஆற்றுக்கு இரண்டு தடவை பில் போன கதை. ஆலை இப்போது இல்லை. தோப்புகள் இருக்கின்றன. பழனி மலையிலும் இதே கதைதான். அங்கே நாற்பது ஆண்டுகளில் மேல்மலைப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்திருக்கிறார்கள்.

மரம் ஆற்றுக்கு நல்லது செய்யும் இடமும் உண்டு. ஆற்றுக்குத் தண்ணீர் போக இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவு மண்ணின் மேல்பரப்பு: மழை உள்ளே இறங்குகிறதா, மேலோடு ஓடிவிடுகிறதா? இரண்டாவது கதவு வேர்: இறங்கியதில் எவ்வளவு குடிக்கப்படுகிறது? நல்ல புல்வெளியில் முதல் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. அங்கே மரம் நட்டால் இரண்டாவது கதவில் நட்டம் மட்டுமே. வெட்டி, மேய்த்து, எரித்து, சிமெண்டுத் தளம் போல இறுகிப்போன ஒரு கரட்டில் முதல் கதவே மூடிக்கிடக்கிறது. அங்கே நம் ஊர் மரங்களை நட்டு, சருகு சேர்ந்து, மண்புழு வந்து, மண் மறுபடி பொலபொலவென்று ஆனால், உள்ளே இறங்கும் தண்ணீர் மரம் குடிப்பதைவிட அதிகமாக இருக்கலாம். ஊற்று திரும்பவும் வரலாம். ஆகவே ஆற்றுக்காக மரம் நடுகிறோம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டியது: எந்த மரம், எந்த மண்ணில், அங்கே முன்பு என்ன இருந்தது?

முதல் கதவை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகத் தடை. அதனால் இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு பால்பவுடர் டப்பா போதும். அதை மண்ணில் மூன்று விரல் ஆழம் அழுத்தி நட்டு, உள்ளே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். பழைய புல்தரையில் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போகும். கோடையில் கற்பூரத் தோப்புக்குள் காய்ந்த சருகுக்குக் கீழே ஊற்றினால், முதலில் முத்து முத்தாக உருண்டு நிற்பதைப் பார்க்கலாம். அந்த இலைகளின் எண்ணெயும் மெழுகும் படிந்த மண் காய்ந்திருக்கும்போது தண்ணீரைத் தள்ளும். கேரட் தோட்டத்தின் நடைபாதையில் ஊற்றினால் டப்பாவுக்குள் குளம்தான்.

கேரட், உருளை, பூண்டு, பீட்ரூட் என்று மலைக்காய்கறி போடும் சரிவுகளில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே எடுக்காமல் மேலிருந்து கீழாக எடுப்பது பழக்கம். விவசாயிகளுக்கு அதில் காரணம் இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆனால் அந்தப் பாத்தி ஒவ்வொன்றும் ஒரு சிறு வாய்க்கால். பெரிய மழையில் ஓடை சேறாகி ஓடுவதும், கீழே அணைகளில் வண்டல் சேர்வதும் அதனால்தான். தேயிலைத் தோட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. நன்றாகப் படர்ந்த தேயிலை மண்ணை மூடிக்கொள்ளும். ஓடை வாங்கும் அடி பெரும்பாலும் அதன் பாதைகளாலும் தொழிலாளர்களின் லைன் வீடுகளாலும் வருவது. ஊர்க் கட்டடங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கூரையிலும் தாரிலும் விழுந்த மழைக்கு முதல் கதவே கிடையாது.

இதுவரை செலவுப் பக்கம். இனி வரவு.

இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. முக்கால் டிகிரியில் என்ன என்று தோன்றும். காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் சுமக்க முடிகிற ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பை பெரிதாகிவிட்டது. பெரிய பை நிரம்பக் கொஞ்சம் நாள் பிடிக்கும். நிரம்பிக் கொட்டினால் பலமாகக் கொட்டும். அதனால் இரண்டு மழைக்கு நடுவே இடைவெளி நீள்வதும், பெய்யும்போது ஒரே மூச்சில் பெய்வதும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள். மேலே சொன்ன அறிக்கைப்படி 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை நாடு முழுதுமாகச் சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே காலத்தில் மத்திய இந்தியாவில் பரவலான அதிகனமழை நாட்கள் மூன்று மடங்கானதாக 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. மொத்தம் குறைந்து, கொட்டுவது கூடியிருக்கிறது.

மேல்மலையில் அவலாஞ்சி என்று ஒரு இடம். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரி மழையே 90-ஐச் சற்றுத் தாண்டியதுதான். ஒரு வருட மழை ஏறக்குறைய ஒரு நாளில். இப்படி ஒரு மழைக்கு முன்னால் புல், சோலை, கற்பூரம் எல்லாம் ஒன்றுதான். மண் தன் கொள்ளளவு நிரம்பியதும் மீதியை அப்படியே கீழே அனுப்பிவிடும். காடு இருந்தால் வெள்ளமே வராது என்பது சாதாரண மழைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஆனால் சரிவை வெட்டி வீடும் ரோடும் போட்ட இடத்தில் அந்த நிரம்பிய மண் நிற்குமா, வழுக்குமா என்பது வேறு கேள்வி. 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரி பக்கம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எதிர்ப்பக்கம் 2016. அந்த வருடம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. அதற்கு முன் தென்மேற்கும் குறைவாகவே பெய்திருந்தது. இப்படிப்பட்ட வருடத்தில்தான் மேலே போட்ட வீட்டுக் கணக்கு முழுதாகக் கடிக்கும். புல் நிறைந்த சரிவு வறட்சியில் சீக்கிரம் காய்ந்து செலவை நிறுத்திக்கொள்ளும். ஆழ வேர்விட்ட தோப்பு நிறுத்தாது. மேல்மண் காய்ந்தாலும் அடியில் தோண்டி எடுக்கும். அது கையில் இருக்கும் பணத்தை அல்ல, வங்கியில் கிடப்பதை எடுத்துச் செலவழிப்பது. அடுத்த மழை வந்தாலும் முதலில் அந்தக் கடனை அடைத்தபிறகுதான் ஓடைக்கு எதுவும் வரும். மழை பெஞ்சும் ஓடையில் தண்ணி வரலையே என்று ஊர்க்காரர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வானிலை மாற்றம் தனியாக, நில மாற்றம் தனியாக என்று இரண்டு பத்தி போட்டுப் பிரித்து எழுதுவது வழக்கம். ஆற்றுக்கு அப்படிப் பிரித்து வருவதில்லை. வரவு தாறுமாறாகும் காலத்தில் நிலையான செலவை ஏற்றிவைத்த வீடு எப்படித் தடுமாறுமோ, அப்படித்தான் இங்கேயும்.

இவ்வளவு தெளிவாக இருந்தால் பவானியில் நேரடியாக அளந்தே காட்டிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. நடுவில் அணைகள் நிற்கின்றன. பைக்காரா மின்நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு குந்தா திட்டம்: அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று தொடங்கி, கீழே பில்லூர் வரை அணையும் சுரங்கக் குழாயும் மின்நிலையமுமாகப் படிக்கட்டு. ஜூலையில் பெய்த மழை அணையில் தங்கி, மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் சுழலி வழியாக இறங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் பவானிப் படித்துறையில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருக்கும் ஆறு, மேலே ஒரு துளி மழை இல்லாமலேயே, கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு ஏறும். பில்லூரில் திறந்திருப்பார்கள். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருக்கும் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. உள்ளூர்க்காரர் யாராவது கத்திக் கூப்பிடுவதுதான் பலகையைவிடப் பயன்.

ஆகவே மேட்டுப்பாளையத்தில் ஓடும் பவானியின் அளவு என்பது மலையின் பேச்சல்ல, மின்நிலையத்தின் கால அட்டவணை. கோடையில் ஆறு ஓடுகிறதே, மலை நன்றாகத்தான் இருக்கிறது என்று அதைப் பார்த்து முடிவுகட்டுவது தவறு. மேலே சிற்றோடைகள் நின்றுபோயிருக்கலாம். அணையில் இருக்கும் பழைய தண்ணீர் அதை மூன்று நான்கு மாதம் மறைத்துவைக்கும். அணை நிரம்பாத வருடத்தில்தான் குட்டு உடையும். கிளென்மார்கன் போன்ற சின்னப் பள்ளத்தாக்கில், அணைக்கு மேலே போய் அளப்பதற்கு மதிப்பு அதனால்தான்.

பவானிசாகருக்குக் கீழே வந்தால் கணக்கு இன்னொரு தினுசு. 1955-ல் கட்டி முடித்த அணை, அதிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால். பெரும்பகுதி மண் வாய்க்கால். வழியெல்லாம் கசியும். கசிவை நிறுத்தக் கான்கிரீட் தளம் போடலாம் என்று அரசு திட்டம் கொண்டுவந்ததும் ஈரோடு மாவட்டத்தில் விவசாயிகளே இரண்டு பட்டார்கள். கடைமடைக்காரர்களில் பலர் போடு என்றார்கள், தண்ணீர் தங்கள் வயல்வரை வந்து சேரவேண்டுமே. வாய்க்காலை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர்கள் போடாதே என்றார்கள். அவர்கள் கிணற்றில் ஊறுவதே அந்தக் கசிவுதான். கசிவுநீர் ஓடைகளும் குட்டைகளும் அதை நம்பியே இருக்கின்றன. பொறியாளர் கணக்கில் வீண் என்று எழுதப்பட்டது இன்னொருவர் கணக்கில் வரவு. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. தண்ணீரின் வழியை ஓரிடத்தில் மாற்றினால் இன்னோரிடத்தில் ஒரு ஓடை கூடும் அல்லது குறையும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆழ்துளைக் கிணறுகள் செய்வதும் இதன் மறுபக்கம். நிலத்தடி நீர்மட்டம் ஆற்றைவிட உயரத்தில் இருக்கும்வரை நிலம் ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும். உறிஞ்சி உறிஞ்சி மட்டம் ஆற்றுக்குக் கீழே போனால், அன்றிலிருந்து ஆறு நிலத்துக்குக் கொடுக்கத் தொடங்கும். பக்கத்திலேயே ஓடும் நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மேலே திரும்பிப் போவோம். கற்பூரத்தையும் சீகையையும் எடுத்துவிட்டால் தண்ணீர் திரும்புமா? இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்கா முப்பது ஆண்டுகளாக வேலை செய்து பார்க்கிறது. அங்கேயும் மலைச் சரிவுகளில் இதே ஆஸ்திரேலியச் சீகை, இதே யூகலிப்டஸ், கூடப் பைன். 1995-ல் அரசு "தண்ணீருக்காக வேலை" என்று ஒரு திட்டம் தொடங்கியது. வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அந்த மரங்களை வெட்டுவது, வெட்டியதால் மிஞ்சும் தண்ணீரையே பலனாகக் கணக்கிடுவது. 2018-ல் கேப்டவுன் நகரம் குழாயே நின்றுபோகும் நாளை எண்ணிக்கொண்டிருந்த பிறகு, புது அணை கட்டுவதைவிட நீர்ப்பிடிப்பில் அந்நிய மரங்களை எடுப்பது மலிவு என்ற கணக்கு அங்கே பலமானது.

தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு, அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்க 2022-ல் மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. வேலை நடக்கிறது. கற்பூர மரத்தைப் பொறுத்தவரை அடிக்கட்டை துளிர்க்காமல் பார்த்துக்கொண்டால் பாதி வெற்றி. சீகை அப்படியில்லை. அது வருடா வருடம் கொட்டிய விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் இருக்கும்வரை பேசாமல் இருக்கும். மரத்தை வெட்டி வெயில் தரையைத் தொட்டதும், அல்லது ஒரு தீ வந்து போனதும், மொத்தமாக எழுந்துவிடும். ஒரே தடவையில் மொட்டையடித்துவிட்டுத் திரும்பிப் போனால், அடுத்த மழைக்கு அங்கே புல் இருக்காது. முளைப்பாரி போட்டது போல நெருக்கமாகச் சீகை நாற்றுதான் நிற்கும். போதாததற்கு மஞ்சள் பூப்பூக்கும் ஐரோப்பியப் புதர்கள் வேறு. மண்ணும் அதற்குள் ஒரு மழையில் கரைந்து இறங்கியிருக்கும்.

அதனால் இந்த வேலையைத் தெரிந்தவர்கள் ஓரத்திலிருந்து தொடங்குகிறார்கள். புல் இன்னும் மிச்சமிருக்கும் இடத்தின் விளிம்பில் முளைக்கும் சீகைக் குட்டிகளைக் கையால் பிடுங்குவது, அடுத்த வருடம் அதே இடத்துக்கு வந்து மறுபடி பிடுங்குவது, அதற்கடுத்த வருடமும். நடுவில் நாட்டுப்புல் தூர்களைப் பிரித்து ஒவ்வொன்றாக நடுவது. ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கும் பரப்பு ஒரு சின்ன வயல்கூட இருக்காது. பிடுங்கிய சீகைக் குட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தால் மேலே விரல் நீளம் இருக்கும். வேர் அதைவிட நீளமாகத் தொங்கும்.